படத்தில் விழாதவர்கள்

மஸ்ஜித் தானாவில் நான் வேலை செய்யும் போட்டோ கடையில் நாள் முழுக்க முகங்கள்தான். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், செத்தவர் படம். அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் அப்பாவின் தாத்தாவுக்கு ஒரு படம் கிடையாது. காவிரிக் கரையிலிருந்து கப்பலேறி வந்து, சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அங்கேயே மண்ணாகிப் போனவர். அவரை யார் நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கப் போகிறார்கள்?

அப்பாவுக்கு இது தீராத குறை. தீபாவளிக்கு முதல் நாள் மூத்தவர்களுக்குப் படையல் போடும்போது, ஒவ்வொரு படத்தின் கண்ணாடியிலும் நெற்றி பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். தன் தாத்தாவின் முறை வரும்போது சுவரில் ஒன்றும் இருக்காது. விரலில் எடுத்த சந்தனத்தைச் சொம்பில் தடவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறந்த ஊரில் ஆற்றோரம் கல் மண்டபமும் படித்துறையும் உண்டு என்று தாத்தா சொன்ன பேச்சு மட்டும்தான் வீட்டில் மிச்சம்.

போன வருடம் அந்த ஊர்ப் பெயரை இணையத்தில் போட்டுத் தேடினேன். படித்துறையின் படமே கிடைத்தது. கேமரா வந்த புதிதில் வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணாடித் தகட்டில் எடுத்தது. தூண்களில் உளி பட்ட இடம்கூடத் தெளிவாக இருந்தது. ஆறு மட்டும் ஆறாக இல்லை. அலையே இல்லாமல், பஞ்சை விரித்தது போல வெளுத்துக் கிடந்தது. அவ்வளவு பெரிய துறையில் ஒரே ஒரு ஆள், தலைப்பாகையோடு தூணோரம் நின்றிருந்தார்.

பெரிதாக அச்சடித்து, பிரேம் போட்டு, புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அந்த ஆளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர்தான் தாத்தா என்று முடிவே கட்டிவிட்டார். படம் தாத்தா பிறப்பதற்கும் முந்தியது என்றேன், காதில் ஏறவில்லை. சுவரில் மாட்டி, மாலை வாங்கிப் போட்டார். முகத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கித் தரச் சொன்னார். கடையில் உட்கார்ந்து பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்து, கடைசியில் தலைப்பாகைக்குக் கீழே சாம்பல் நிறம்தான் மிஞ்சியது. அன்றைக்குக் கடை அடைக்கும்வரை அந்தத் திரைப் பக்கம் திரும்பவே எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்குப் பொய் ஆறுதல் சொல்ல வராது. தூணின் உயரம் தெரிவதற்காக யாரையாவது அப்படி நிற்க வைப்பது அந்தக் காலத்துப் படக்காரர்கள் வழக்கம், கேமராப் பெட்டி தூக்கி வந்த கூலியாளாகக்கூட இருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இவ்ளோ பெரிய படித்துறையில வேற ஆளே இல்லையா?"

"இருந்திருப்பாங்கப்பா. அப்போ கேமரா ரொம்ப ஸ்லோ லா. ஆடாம நின்னாதான் படத்துல விழும். குளிச்சவங்க, தொவைச்சவங்க, நடந்து போனவங்க எல்லாம் அங்கதான் இருப்பாங்க. தெரிய மாட்டாங்க, அவ்ளோதான்."

படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

படையல் நாள் வந்தது. ஆட்டுக்கறி, கோழி வறுவல், கறுப்பு பீர், சுருட்டு எல்லாம் இலையருகே வைத்தாயிற்று. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் படத்துக்கு வந்தார். தூணோரம் நின்றவரைத் தாண்டி, ஆளே இல்லாத படியில் ஒரு பொட்டு வைத்தார். பக்கத்தில் இன்னொன்று. கீழ்ப்படியில் ஒன்று, தண்ணீரோரம் ஒன்று. கடைசியாக, நின்றவருக்கும் ஒன்று வைத்தார். எனக்கு வந்தது பயமா அழுகையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மூத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, அப்பா, அம்மா, நான் மூவரும் வழக்கம்போல் வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவதுதான் முறை. அப்பா தட்டவே இல்லை. சோறு ஆறிப்போகும், அம்மாவுக்குப் பசி என்று முணுமுணுத்தேன். அவர் கதவில் கை வைத்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா. நெறைய பேரு வந்திருக்காங்க."