அப்பாவை யாரும் தூக்க வேண்டாம்

கனடாவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எதிரே வால்டர் என்கிற பழைய ராணுவக்காரர் காலுறை மாட்டிக்கொண்டிருப்பார். மாட்டி முடிப்பதற்குள் ஒரு பானைச் சோறு வெந்துவிடும். முதியவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் கையாலேயே வாழ வேண்டுமாம். விழுந்தால் பிடிக்க மட்டும்தான் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருவொற்றியூர் வளர்ப்பு சும்மா இருக்குமா, குனிந்து நானே மாட்டிவிட்டேன். "என் அப்பாவுக்குச் செய்கிற மாதிரி செய்தேன்" என்றேன். "உன் அப்பாவுக்குக் கைகள் இல்லையா?" என்று நிஜமான அனுதாபத்தோடு கேட்டார்.

இருந்தன. எங்கள் ஆட்கள்தான் அவற்றை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து, நன்றாக நடங்கள் என்று டாக்டர் அனுப்பிய மனிதரை, போன பொங்கலுக்கு நான் போனபோது, தெருவே பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தது. கக்கூசுக்கு, வாசலுக்கு, சலூனுக்கு. சாமி ஊர்வலம் தோற்றது. பக்கத்து வீட்டு மீன்காரக் கன்னியம்மா அத்தை முள் எடுத்து ஊட்டியே விட்டாள். குளியலறையில் நான் பதித்த கைப்பிடிக் கம்பியில் யாரோ ஈரப் பாவாடை காயப்போட்டார்கள். இதற்கெல்லாம் பெயர் பாசம். கால் விளங்காமல் போகும்வரை விடாத பாசம். இதைக் காட்டித்தான் பெங்களூர் அண்ணன், அப்பா தனியாக இருக்க லாயக்கில்லை, வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்று நாள் குறித்திருந்தான். வரமாட்டேன் என்று அப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நாற்காலியில் தூக்கிப்போகிற ஆளின் பேச்சை யார் கேட்பார்கள்?

நாற்காலியைப் பரண்மேல் போட்டேன். அப்பா வாக்கரை ஊன்றி டீக்கடைக்குக் கிளம்பினார். நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். அத்தை மீன்கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னாம்மா இது, பெத்த அப்பன் தள்ளாடிகினு போறாரு, நீ வேடிக்க பாத்துகினு வர்ற? கனடால இதான் கத்துகினியா?"

"நைனாவ தொடாத அத்தே. கூப்ட்டா மட்டும் வா."

"கூப்ட்டாதான் வரணும்னா நா இன்னாத்துக்குக் கீறேன்?"

அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "வுடு கன்னியம்மா. நடந்துகினுதான கீறேன்."

டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதை வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அதோடு அவன் குறித்த நாளைக் கைவிட்டான். அப்பா தன் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இன்று காலை பனியில் பேருந்துக்காக நின்றபடி அப்பாவின் வீட்டுப் போனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டீக்கடைக்கு நடந்து போயிருந்தால் நான் ஜெயித்துவிட்டேன். குளியலறையில் விழுந்து கிடந்தாலும் இதே மணிதான் அடிக்கும். பயந்துபோய் அத்தையைக் கூப்பிட்டு, ஒரு எட்டு பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

"ஒங்க நைனா இன்னும் கூப்டலியே" என்றாள். ஆனாலும் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம். தட்டிக்கொண்டே இருந்தாள். என் பேருந்து வந்து, கதவைத் திறந்து, கொஞ்சம் பார்த்துவிட்டு, போய்விட்டது.