அரக்குச் சாயத் துணி

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், மாமியார், பாவு புணைக்கக் கூலிக்கு வந்த பக்கத்துத் தெரு அக்கா, எங்களுக்கு நெய்யக் கொடுக்கும் முதலாளி. வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஆறு. அந்த மாசங்களில் நான் எந்தக் கணக்கிலும் அதைச் சேர்த்தேதான் எண்ணுவேன். எண்ணாமல் விட்டால் அதுவும் போய்விடுமோ என்று ஒரு பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் ஒன்று ஐந்தாம் மாசத்தில் கலைந்துபோனது. லேசாகக் கறை பட்டபோது, "ஒன்னும் இல்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நானே சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். மறுநாள் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு எனக்கு எதுவுமே 'ஒன்றும் இல்லை' கிடையாது. பல்லி கத்தினாலும் வயிற்றில் கையை வைத்துக்கொள்வேன்.

இந்தத் தடவை ஆறாம் மாசம் தாண்டியதும் சிறுநீர் நிற்கவில்லை. தும்மினால் கொஞ்சம், இருமினால் கொஞ்சம், குடத்தை இடுப்பில் ஏற்றினால் கொஞ்சம். எங்களுடையது குழித்தறி. பலகையில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு, மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஓங்கி ஒரு மிதி மிதித்தால் அதற்கும் கொஞ்சம். முதல் நாள் பனிக்குடம்தான் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். பின்கட்டுக்கு ஓடி, பாவாடையை முகர்ந்து பார்த்தேன். மூத்திர வாடை. உலகத்தில் அந்த வாடைக்கு நிம்மதிப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்த்துத்தான் அடுத்த வேலை.

யாரிடமும் சொல்லவில்லை. தறி எங்களுக்குச் சாமி மாதிரி. தூரமான நாட்களில் நான் அதன் பக்கமே போகக்கூடாது. அப்படியிருக்க, பலகையில் உட்கார்ந்து நனைத்துக்கொண்டிருக்கிறேன் என்று மாமியாருக்குத் தெரிந்தால் பிள்ளை பிறக்கிற வரைக்கும் என்னைத் தறியிலிருந்து இறக்கிவிடுவார். இரண்டு பேர் மாற்றி மாற்றி நெய்தால்தான் சேலை கெடுவுக்குள் இறங்கும். வீட்டுக்காரர் ஒருவரால் ஆகாது. அதனால் எனக்குத் தெரிந்த வழியை நானே பார்த்துக்கொண்டேன். பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் துணிகளாக மடித்து வைத்துக்கொண்டேன். அப்புறம், தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். உள்ளே போகாவிட்டால் வெளியே எப்படி வரும் என்பது என் கணக்கு. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவளின் அறிவியல் அவ்வளவுதான். காலையில் அரை டம்ளர் டீ, சாப்பாட்டோடு ஒரு வாய் தண்ணீர். உதடு வெடித்தது. மூத்திரம் போகும்போது எரிந்தது. கசிவது மட்டும் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்ப்போம் என்று குறைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் கொடி கட்டினால் மாமியார் கண்ணில் படும் என்று துணிகளைப் பின்கட்டில் விறகுக்கு மேலே போட்டு வைத்தேன். ஒன்றும் காயவில்லை. பாவு புணைக்கிற அன்றைக்குக் காலையில் தொட்டுப் பார்த்தால் எல்லாம் சொதசொதவென்று இருக்கிறது. என்ன செய்ய? சாயப்பட்டறையிலிருந்து சாயம் நனைத்த பட்டு நூல் கழிகளைச் சுற்றி எடுத்து வந்த துணி ஒன்று பரண் ஓரத்தில் கிடந்தது. காடாத் துணி. பட்டில் இருந்த அரக்குச் சாயம் இறங்கி, வெள்ளைத் துணியே அரக்காகிவிட்டிருந்தது. நன்றாகக் காய்ந்திருந்தது. அழுத்தமான நிறம், நனைந்தாலும் தெரியாது என்று எனக்குள் சந்தோஷம்கூட வந்தது. நாலாக மடித்து வைத்துக்கொண்டேன்.

பாவு புணைப்பது என்றால், தறியில் முடிந்துபோன பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவது. விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஆயிரக்கணக்கான இழைகளை முறுக்க வேண்டும். பாதிப் பாவுக்கு அக்கா, பாதிப் பாவுக்கு நான். ராகுகாலத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று மாமியார் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினார். எங்கள் வீட்டில் உட்கார்ந்தால் முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. ஒரு தடவை யாரோ நடுவில் எழுந்து இழை நழுவிச் சிக்காகிவிட்டதிலிருந்து அது மாமியாரின் சட்டம்.

அரக்குப் பாவு, பச்சைக் கரை, கல்யாணப் பட்டு. கெடு நெருங்கிவிட்டது என்று முதலாளியே ஸ்கூட்டரில் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு எதிரிலேயே.

ஒரு மணி நேரம் போனது. அடிவயிற்றில் கல்லை வைத்த மாதிரி பாரம். இந்தப் பக்கம் ஒருக்களித்தேன், அந்தப் பக்கம் ஒருக்களித்தேன்.

"இன்னாமே, முளைக்குச்சில கட்டுன ஆடு மாதிரி அசைஞ்சிகினே கீற?" என்றார் அக்கா.

"இடுப்பு வலிக்குதுக்கா."

"மொதலாளிய பாரு, நாற்காலில உக்காந்துகினு இருக்கறவருக்கு வலிக்கவே இல்ல."

"நான் இன்னாம்மா பண்ணேன்?" என்று முதலாளி சிரித்தார். "எனக்கும்தான் பேஜாரா கீது. பொண்ணு வீட்டுக்காரன் தெனம் போன் பண்ணிகினு இருக்கான்."

"போன வையுங்க, வந்து ரெண்டு இழை முறுக்குங்க. கூலி நான் தரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, சிரித்தால் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன். குனிந்ததில் தட்டிலிருந்த சாம்பல் மூக்கில் ஏறிவிட்டது. அடுத்தடுத்துத் தும்மல். அடக்க அடக்க வந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் சூடாக இறங்கியது. கசிவது இல்லை, திறந்துவிட்ட மாதிரி. இழையை விட்டுவிட முடியாது, இரண்டு விரலிலும் பட்டு. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அக்காதான் முதலில் பார்த்தார்.

"அடியே, கால்ல இன்னாடி அது?"

கணுக்காலில் சிவப்பு. கீழே சிமெண்ட் தரையில் சிவப்பு.

மாமியார் கத்திய கத்தலில் எதிர்வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. "ஐயோ, இதுவும் போச்சா! டேய், ஜல்தி ஆட்டோ கூட்டியாடா!" வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினார். முதலாளி எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். திரும்பாமலே பையிலிருந்த பணத்தை எடுத்துப் பின்பக்கமாக மாமியாரிடம் நீட்டினார். "வெச்சிக்கங்க, மொதல்ல கெளம்புங்க" என்றார். இழை என் விரலிலிருந்து எப்போது நழுவியது என்று தெரியாது.

சாயமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. வாயில் வரவில்லை. முதலாளியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஆனால் வெட்கம் மட்டும் இல்லை. சாயம்தான், ஒன்றும் இல்லை என்று நான் சொல்லி, எல்லாரும் உட்கார்ந்துவிட்டு, அது ரத்தமாக இருந்தால்? போன தடவையும் ஒன்றும் இல்லை என்று சொன்ன வாய்தானே இது.

ஆட்டோவில் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டு. சேலைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். விரல் சிவப்பு. நெசவுக்காரி நான், அரக்கில் நாலு விதம் சொல்லுவேன், அந்த இருட்டில் எனக்கு அரக்கும் ரத்தமும் ஒன்றாகத்தான் தெரிந்தது. விரலை முகர்ந்தேன். மூத்திர வாடைதான். ரத்தமும் சேர்ந்து வந்தால் வாடை எப்படி இருக்கும்? அது எனக்குத் தெரியாது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. காலையிலிருந்து குழந்தை அசைந்ததா? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை. புணைக்கிற அவசரத்தில் கவனிக்கவில்லையா, அசையவே இல்லையா?

"அத்தை," என்றேன்.

"பேசாத. காலை இறுக்கிகினு உக்காரு. ஆத்தா காப்பாத்துவா." ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டினார். "மெதுவா போப்பா" என்பார், உடனே "சீக்கிரம் போப்பா" என்பார். அந்த ஆள் எதைக் கேட்பான்?

தனியார் ஆஸ்பத்திரி. உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துத் திரையை இழுத்தார்கள். டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டே, "எத்தனை மாசம், எப்பலேர்ந்து போகுது?" என்று கேட்டார். நான் மாசத்தை மட்டும் சொன்னேன். நர்ஸ் அந்தத் துணியை இடுக்கியால் எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டார். பஞ்சை வைத்துத் துடைத்தார். பஞ்சு சிவப்பு. இன்னொரு பஞ்சு, இளஞ்சிவப்பு. மூன்றாவது பஞ்சை டாக்டரம்மாவே உள்ளே வைத்து எடுத்து, விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். வெள்ளை.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா என் வயிற்றில் கொம்பு மாதிரி இருந்த குழாயை வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டில் மழைச் சத்தம். வாயை மூடு என்று மழையைத் திட்டத் தோன்றியது. கடைசியில் விலாவுக்குக் கீழே ஓர் இடத்தில் குழாய் நின்றது. அவர் விரல் தாளம் போடுகிற மாதிரி என் வயிற்றில் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. தட்டிக்கொண்டே இருந்தது. வேகமாக, விடாமல்.

"நல்லா இருக்கு," என்றார்.

அழுதேன். அழுததில் இன்னும் கொஞ்சம் கசிந்தது.

"ஏம்மா, இது சாயம்மா!" நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாயத் துணியை எதுக்கும்மா வெச்ச?"

"ஒன்னுக்கு நிக்க மாட்டேங்குதுங்க," என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"இன்னாது?"

"ஒன்னுக்கு."

"ஒன்னுக்கு நிக்க மாட்டேங்குதாம் டாக்டர்!" என்று அவர் சொன்னது நடைவழி முழுக்கக் கேட்டிருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் மாமியார், வீட்டுக்காரர், ஸ்கூட்டரில் பின்னாலேயே நனைந்துகொண்டு வந்த முதலாளி.

டாக்டரம்மா திட்டவில்லை. எரிகிறதா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அப்போதுதான் திட்டினார். "தண்ணியை நிறுத்துனா அது நிக்கும்னு யாரு சொன்னது? உள்ளயே தங்கிக் கிருமி சேரும். அது முத்திப்போனா மாசம் ஆகறதுக்கு முன்னாடியே வலி கண்டுடும். தெரியுமா?" தெரியாது. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நான் செய்ததே பிள்ளைக்கு ஆபத்தாக இருந்திருக்கிறது. மூத்திரத்தைச் சோதனைக்கு எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அன்றைக்கு அங்கேயே படுக்கச் சொன்னார்கள்.

பிள்ளை கனம் கீழே அழுத்துவதால் நிறைய பேருக்கு இப்படி வரும் என்று டாக்டரம்மா சொன்னார். முட்டுகிற வரைக்கும் காத்திருக்காமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை போய்விட்டு வர வேண்டும். மூத்திரத்தை நடுவில் அடக்குகிற மாதிரி கீழ்ச்சதையை இறுக்கி இறுக்கி விட்டுப் பழக வேண்டும். தும்மல் வரும்போது முதலில் இறுக்கிக்கொண்டு பிறகு தும்ம வேண்டும். வெயிலில் காய்ந்த வெள்ளைத் துணிதான் வைக்க வேண்டும்.

"தறில உக்காந்தா நடுவுல எழுந்திரிக்கக் கூடாதுங்க," என்றேன்.

"அதை உன் மாமியார் கிட்ட நான் பேசறேன்."

என்ன பேசினாரோ. மறுநாள் வீட்டுக்கு வந்ததும் மாமியார் தறிப் பலகையை மஞ்சள் தண்ணீரால் கழுவினார். "எத்தன வாட்டி வேணாலும் எழுந்து போ. வரும்போது கால கழுவிகினு வா," என்றார். அன்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் எப்போதும் என் பக்கத்தில் இருந்தது. மீதிப் பாவை அக்கா தனியாகவே புணைத்து முடித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சாம்பலுக்கு பதிலா நாளைக்கு மூக்குப்பொடி வெக்கறேன், பாவு அதுவே ஓடிப்போய் புணைஞ்சிக்கும்," என்றார். சிரித்தேன். இறுக்கிக்கொண்டுதான் சிரித்தேன்.

பயம் போகவில்லை. ஒவ்வொரு அசைவையும் எண்ணிக்கொண்டே மீதி மாசங்களைத் தள்ளினேன். மாசம் நிறைந்து, அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கசிவு அதற்குப் பிறகும் சில மாசம் இருந்து, மெல்ல நின்றது.

முதலாளி அன்றைக்குக் கொடுத்த பணம் ஆட்டோவுக்கும் ஸ்கேனுக்கும் படுக்கைக்குமே சரியாகப் போய்விட்டது. அவரிடம் வாங்கும் எந்த முன்பணத்தையும் சேலை இறக்கும்போது கூலியில் பிடித்துக்கொள்வார், பத்து ரூபாய் விடமாட்டார். இதை மட்டும் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு தடவை, "மொதலாளி, அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு குடுத்தது..." என்று ஆரம்பித்தார். முதலாளி காது சிவந்துபோய், "சரிகை வந்துச்சா பாருப்பா," என்று உள்ளே போய்விட்டார். கேட்டால், எதற்குக் கொடுத்தது என்று சொல்ல வேண்டுமே. அவருக்குக் கேட்கக் கூச்சம், எங்களுக்குச் சொல்லக் கூச்சம். ஒவ்வொரு பொங்கலுக்கும் கணக்குப் பார்க்கப் போகும்போது இந்த வருஷம் கேட்டுவிடுவாரோ என்று அவர் கணக்கு நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். சில வருஷம் கழித்து அவர் கைத்தறியை விட்டுவிட்டு பவர்லூமுக்கு மாறினார். அப்போது எல்லா நெசவுக்காரர்களையும் கூப்பிட்டுக் கணக்குத் தீர்த்தார். எங்களுக்கும் தீர்த்தார், இதைத் தவிர. அவருக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து இருநூறு ரூபாய்.