வாங்கக்காவின் பீரோ

அந்தத் தெருவில் அவளுக்கு வாங்கக்கா என்றுதான் பெயர். வாசலில் யார் தலை தெரிந்தாலும் சரி, மீட்டர் பார்க்க வந்தவரோ விலாசம் தவறி வந்தவரோ, "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். கூப்பிட்டபின் தப்ப முடியாது. முன்னறையில் சலவை மடிப்புக் கலையாத விரிப்போடு சோபா காத்திருக்கும். உட்கார்ந்தவர் கையில் கண்ணாடி டம்ளர் வந்துவிடும். பிறகு அவள் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்பாள். வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டாள். ஆனாலும் "வீட்டை நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொல்லாமல் யாரும் படியிறங்கியதில்லை.

இது பிறவிக் குணம் இல்லை. கல்யாணமான புதிதில் அவள் நாத்தனார், புருஷனின் மூத்த அக்கா, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். நாற்காலியில் ஈரத்துணி கிடந்தது. கட்டிலடியில் தையல் மெஷின் பாகங்கள் கிடந்தன. புருஷனுக்கு மெஷின் ரிப்பேர்தான் தொழில். நாத்தனார் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்கப்பா பாத்துப் பாத்துக் கட்டின வீடு இது. குடோன் மாதிரி ஆக்கி வெச்சிருக்கியே" என்றாள். சொன்னவள் அன்று சாயங்காலமே அதை மறந்திருப்பாள். கேட்டவளுக்கோ அந்த ஒரு வாக்கியம் ஆயுசு முழுக்கப் போதுமானதாக இருந்தது.

பிறகு அவளுக்கு ஒரு லாட்ஜில் வேலை கிடைத்தது. அறைகளைச் சுத்தம் செய்து அடுத்த ஆளுக்குத் தயாராக்கும் வேலை. அங்கேதான் அவள் வித்தை கற்றாள். மேஜையில் சிகரெட் சுட்ட தழும்பு இருந்தால் அதன்மேல் தண்ணீர் ஜாடி. தரைவிரிப்பில் ஓட்டை இருந்தால் அதன்மேல் நாற்காலி. சுவரில் ஓதம் இருந்தால் படத்தை ஒரு சாண் நகர்த்தி மாட்டு. "கறை போகலையா, விடு. வர்றவங்க கண்ணு அங்க போகாம பாத்துக்க" என்பாள் அவளுடைய மேற்பார்வைக்காரி. பல வருஷம் அவள் பார்த்துக்கொண்டாள். அந்த லாட்ஜில் ஓட்டை இல்லாத அறையே கிடையாது. ஓட்டையைப் பார்த்த விருந்தாளியும் கிடையாது.

ஒரு வருஷம் தெருவுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் பெரிய கட்டடம் எழுப்பப் பள்ளம் தோண்டினார்கள். ராட்சத இயந்திரங்கள் பகலெல்லாம் இடித்தன. பள்ளத்தில் ஊறிய தண்ணீரை இறைத்து இறைத்து வெளியே விட்டார்கள். முதலில் தெருவில் கதவுகள் இறுகின. பிறகு சுவர்கள் கீறின. வாங்கக்கா வீட்டு முன்னறையில், பக்கச் சுவரில், தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. அவள் அதன்மேல் காலண்டர் மாட்டினாள். கோடு காலண்டருக்குக் கீழே எட்டிப் பார்த்தது. பெரிய படம் மாட்டினாள். அது படத்தையும் தாண்டியது. கடைசியில் உள்ளறையிலிருந்த இரும்பு பீரோவைப் புருஷனும் மகளும் சேர்ந்து தள்ளி வந்து அந்தச் சுவரோரம் நிறுத்தினார்கள். உள்ளே விருந்தாளிக்கென்றே சேர்த்த விரிப்புகள், போர்வைகள், பீங்கான் செட்டுகள். ஒன்றையும் வீட்டார் தொட்டதில்லை. பீரோ யானைக் கனம் கனத்தது.

புருஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "விரிசலுக்கு முன்னாடி பீரோவை வெச்சா விரிசல் போயிடுமா?"

"பீரோவுல ஆளுயரக் கண்ணாடி இருக்கு. உள்ள வர்றவங்க அவங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க, சுவரையா பாப்பாங்க?" என்றாள் வாங்கக்கா. அந்தப் பதிலில் அவளுக்கே பெருமை.

தெருவில் புகார் கிளம்பி, வீடு வீடாகப் பரிசோதிக்கக் கட்டடம் கட்டுகிற கம்பெனிக்காரர்கள் ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். ஆபத்தில்லாத வீட்டுக்கு வெளிச்சுவரில் பச்சையில் குறி போடுவார், ஆபத்தான வீட்டுக்குச் சிவப்பில். சிவப்புக் குறி விழுந்த வீட்டார் வேறு இடத்துக்கு மாறவேண்டும், இடம் அவர்களே தருவார்கள். பக்கத்து வீட்டு டெய்லரம்மா தன் விரிசலையெல்லாம் விரல் வைத்துக் காட்டி, அழுது, சிவப்புக் குறி வாங்கிக்கொண்டாள். அந்தக் குறியைப் பார்த்ததும் வாங்கக்கா தன் வீட்டு வெளிச்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் பார்க்க, முகத்தில் அடித்தாற்போல் அவ்வளவு பெரிய சிவப்பு! இதை நாத்தனார் பார்த்தால்?

"காட்டிடலாம். விளையாட்டு இல்ல இது" என்றார் புருஷன்.

"வீட்டுக்கு வர்ற மனுஷன்கிட்ட நம்ம குறையையா எடுத்துக் காட்டுவாங்க? நீங்க பேசாம இருங்க, நான் பாத்துக்கறேன்."

இந்த 'பாத்துக்கறேன்' இருக்கிறதே, அதைக் கேட்டால் புருஷன் வாயை மூடிக்கொள்வார். இருபத்தஞ்சு வருஷத்துப் பழக்கம், அன்றைக்கும் மூடிக்கொண்டார். அந்தப் பாவத்தில் அவருக்கும் பாதி உண்டு.

இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். காலையிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் வசவும் அழுகையும் கேட்டுக் களைத்துப்போயிருந்தார். இங்கே வாசலிலேயே "வாங்க வாங்க, உள்ள வாங்க" கேட்டதும் பாதி உயிர் திரும்பியது. மின்விசிறி, மெத்தென்ற சோபா, குளிர்ந்த பழச்சாறு. எழுந்து சின்னச் சுத்தியால் சுவர்களைத் தட்டிக்கொண்டே வந்தார். பீரோ அருகில் நின்றார்.

"இதைக் கொஞ்சம் நகர்த்த முடியுமாம்மா?"

"உள்ள எல்லாம் பீங்கான் சார். காலி பண்ணித்தான் நகர்த்தணும். ரொம்ப நேரம் பிடிக்கும். நீங்க ஜூஸைக் குடிங்க, சூடாயிடும்" என்று டம்ளரை நீட்டினாள். டம்ளரை வாங்கத் திரும்பியவரின் கண் ஜன்னலோரப் பூச்செடிக்குப் போனது. அந்தச் செடியை அவள் காலையில்தான் அங்கே வைத்திருந்தாள்.

புருஷன் தொண்டையைச் செருமினார். அவள் பார்த்த பார்வையில் செருமலோடு நின்றது.

"இந்த வரிசையிலேயே நல்லா வெச்சிருக்கிற வீடு இதுதாம்மா" என்றார் இன்ஜினியர். வெளியே போய்ப் பச்சையில் குறி போட்டார். ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று தன் நம்பரையும் கொடுத்தார். அவர் போனதும் வாங்கக்கா வாசலில் நின்று அந்தப் பச்சையைக் கண்குளிரப் பார்த்தாள்.

டெய்லரம்மா சாமான்களை வண்டியில் ஏற்றும்போது கேட்டாள். "உங்க வீட்ல ஒண்ணுமே இல்லையாக்கா? நெசமாவா?"

"ஒண்ணுமில்ல."

"பொண்ணு எங்க படுக்குறா?"

"முன்னறையிலதான். ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு டெய்லரம்மா வண்டியில் ஏறினாள். ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் விளக்குகள் குறைந்தன.

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்து வந்து பகலில் அந்த பீரோ ஓரத்துக் கட்டிலில்தான் தூங்குவாள். ஒருநாள் எழுந்ததும், "பீரோவுக்குப் பின்னாடி பல்லி இருக்கும்மா. சரசரன்னு சத்தம்" என்றாள். வாங்கக்கா கூட்டும்போது பீரோ அடியிலிருந்து மணல் வந்தது. நேற்றும் வந்தது. நாளைக்கும் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. மகளை உள்ளறையில் படுக்கச் சொன்னாள். "அங்க மெஷின் எண்ணெய் வாடை, தலைவலிக்குது" என்று மகள் மறுபடி கட்டிலுக்கே வந்துவிட்டாள். காரணம் கேட்டால் சொல்லவேண்டுமே என்று தாய் வற்புறுத்தவில்லை.

இப்போது அவளுக்குப் பயம் பிடித்தது. நிஜமான பயம். சோறு இறங்கவில்லை. ஒருநாள் லாட்ஜில் துணி அலமாரிக்குப் பின்னால் நின்று இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

"யாரு? ஓ, ஜூஸ் குடுத்த அக்காவா! சொல்லுங்கக்கா. அன்னிக்கு முழுக்க உங்க வீட்லதான் நிம்மதியா உக்காந்தேன். என்னக்கா விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான். நல்லா இருக்கீங்களான்னு கேக்கலாம்னு" என்று சொல்லி வைத்துவிட்டாள். தன்னை நல்லவள் என்று நினைப்பவனிடம் போய்ப் பொய் சொன்னேன் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அவளால் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தாள். வாங்கக்கா காலையிலேயே எழுந்து தேய்க்காத இடம் பாக்கியில்லாமல் தேய்த்தாள். வாசலிலிருந்து, வருகிறவளின் கண்ணால், ஒருமுறை அறையைப் பார்த்தாள். பீரோக் கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது. ஒரு அடி பின்னே நகர்ந்தாள். பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"பீரோ முன்னாடி சாஞ்ச மாதிரி இருக்குங்க. அண்ணி வந்தா முதல்ல இதைத்தான் பாப்பாங்க. கொஞ்சம் பின்னாடி தள்ளி நேராக்குங்க" என்றாள்.

கட்டிலில் மகள் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. பின்பக்கம் கைவிட்டுப் பார்க்கப் போனார். வைத்த நாளில் அவர் முழங்கை வரைக்கும் போன இடைவெளி அது. இன்று விரல் நுழையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வந்து பீரோவின் முதுகில் உட்கார்ந்திருந்தது. மேல் விளிம்பில் இரும்புத் தகடு உள்வாங்கி மடங்கியிருந்தது.

அவர் தோளை மெதுவாக, ரொம்ப மெதுவாக எடுத்தார்.

"பீரோ சுவரை மறைக்கலடி" என்றார் கிசுகிசுப்பாக. "தாங்கிக்கிட்டு நிக்குது. பொண்ணை எழுப்பு. சத்தம் போடாம."

அவள் மகளின் வாயில் கைவைத்து எழுப்பினாள். "என்னம்மா?" "ஒண்ணும் கேக்காத. எந்திரி. வெளிய நட." மூன்று பேரும் வெறுங்காலோடு தரையில் பூப்போல அடிவைத்து நடந்தார்கள். பின்னால் மணல் சரசரவென்று கொட்டியது. வாசலில், அந்த அவசரத்திலும், வாங்கக்காவின் கால் அங்கே கோணலாகக் கிடந்த செருப்பு ஜோடியை நேராக்கி வைத்தது. புருஷன் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

தெருவில் இறங்கவும் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நாத்தனார் சேலையைச் சரிசெய்தபடி இறங்கினாள்.

"என்ன, குடும்பமே வாசல்ல நிக்குது? எனக்கு அவ்ளோ மரியாதையா?" என்று சிரித்துக்கொண்டே படியில் கால் வைத்தாள்.

"உள்ள வராதீங்க!"

அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததைத் தெரு நம்பவில்லை. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நாத்தனாரின் முகம் கறுத்தது.

"எங்கப்பா கட்டின வீட்டுக்கு என்னையவே வராதேங்கறியா?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. பெயிண்ட் அடிக்கிறோம், பூச்சிமருந்து அடித்திருக்கிறோம், பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. மறைக்க ஒரு ஜாடி, ஒரு நாற்காலி. லாட்ஜ் மூளை எல்லாவற்றையும் எடுத்து எடுத்து நீட்டியது. அவள் ஒன்றையும் தொடவில்லை. நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துப் படியிலிருந்து கீழே இழுத்தாள்.

"வீடு நல்லா இல்ல அண்ணி" என்றாள். "சுவர் வெடிச்சிருக்கு. ரொம்ப நாளா. நான்தான் யாருக்கும் தெரியாம மறைச்சேன். அந்த இன்ஜினியர்கிட்டயும் மறைச்சேன். என் பொண்ணு அதுக்கு அடியில படுத்திருந்தா."

உள்ளே கண்ணாடி உடைந்தது. அதன்பின் இரும்பு முனகுவது போல் நீளமாக ஒரு சத்தம். பிறகு பீங்கான், ஒவ்வொன்றாக இல்லை, எல்லாம் சேர்ந்து. வாசல் வழியாக முதலில் தூசிதான் வெளியே வந்தது.

தெருவில் மிச்சமிருந்தவர்கள் நாலாபக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். வாங்கக்கா பச்சைக் குறிக்குக் கீழே நின்று இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டாள்.

"வராதீங்க, வராதீங்க, யாரும் உள்ள வராதீங்க" என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.