மேற்படி

அலுவலகத்தில் அவளுக்குப் புயலம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பேரிடர்ப் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? புயல் வந்தாலும் அவள்தான், நிலம் நடுங்கினாலும் அவள்தான். அவள் விடுப்பு கேட்டால் மேலாளர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

அந்தக் கடற்கரையின் ராசி அப்படி. ஒரு புயல் ஓடுகளைத் தூக்கிக்கொண்டு போனது என்று எல்லோரும் கான்கிரீட் கூரை போட்டார்கள். சில வருடம் கழித்து நிலம் நடுங்கி, அந்தக் கூரையெல்லாம் தலையில் விழுந்தது. கனமே ஆகாது, தகரம் போடுங்கள் என்றார்கள். அடுத்த புயலில் தகரம் பறந்தது. இதையெல்லாம் நாள், காற்றின் வேகம், கடல்நீர் ஏறிய உயரம் என்று கட்டம் கட்டமாக எழுதி வைப்பது அவள் வேலை. அதை இதுவரை ஒரு ஜென்மமும் புரட்டிப் பார்த்ததில்லை என்பது அவளுடைய தீராத எரிச்சல்.

கடைசியில் ஒருவர் வந்தார். பொறியாளர். அவளுடைய அக்கா குடியிருக்கும் கடலோரத்தில் புயல் காப்பகம் கட்டப்போகிறார்கள். முன்பு வந்த வெள்ளத்துக்கு மேலே தரை இருக்க வேண்டும். அதற்கு அந்த வெள்ளத்தின் உயரம் தெரிய வேண்டும்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பதிவேட்டைத் தூசி தட்டி விரித்தாள். நாற்பத்தேழு வருடத்துக்கு முந்தைய பெரும்புயலின் வரிசையில் விரலை வைத்தாள். கடல்நீர் ஏறிய உயரம்: மேற்படி. அதற்கு மேலே, மேற்படி. அதற்கும் மேலே, மேற்படி. முதல் பக்கத்தைத் திருப்பினால், போன மழையில் அலமாரிக்குள் நீர் ஒழுகி, மை கரைந்து நீலக் குழம்பாக இருந்தது.

"எந்தப் புண்ணியவான்மா இதை எழுதினது?" என்றார் பொறியாளர்.

கையெழுத்து அவளுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய பதிவேட்டைப் புதிதில் படியெடுக்கச் சொன்னார்கள். ஒரே மாதிரி இருந்தால் மேற்படி என்று போட்டுக்கொள் என்றார் அப்போதைய தலைமை எழுத்தர். கை வலித்தது. ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்காமலே கட்டம் முழுக்கப் போட்டுக்கொண்டே போனாள். பழையதைக் கறையான் தின்றது என்று அடுத்த மாதமே கொளுத்திவிட்டார்கள். அதில் என்ன இருந்தது என்று இப்போது மண்டையை உடைத்துக்கொண்டாலும் நினைவுக்கு வரவில்லை.

அக்காவிடம் ஓடினாள்.

"உயரமா? நான் உன்னை மடியில வச்சுக்கிட்டு பரண் மேல உக்காந்திருந்தேன். என் பாவாடை நனைஞ்சுது. பரண் ஏழடி. அப்பா அளந்து கட்டினது."

"அந்தப் பரண் இருந்தா காட்டலாமே, அக்கா."

"வீடே நடுக்கத்துல போச்சு, பரண் மட்டும் அந்தரத்துல தொங்குமாடி?"

மறுநாள் பொறியாளரிடம் ஏழடி என்றாள். எழுத்தில் இருக்கிறதா என்றார். இல்லை. சுவரில் அடையாளம்? சுவரே இல்லை. பார்த்த சாட்சி? அக்கா, அப்போது பத்து வயது. அப்புறம் நானும் இருந்தேன், கைக்குழந்தை. அவர் சிரித்துவிட்டார். புயல் அடித்த தடத்தை நடுக்கம் இடித்துவிட்டது, மிச்சம் இருந்த ஒரே எண்ணை நாமே தொலைத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மானம் போனால் போகட்டும் என்று பொறியாளரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். "பதிவேட்டில் மேற்படி என்று பார்க்காமல் எழுதியது நான். அது தவறு. நீர் ஏழடி ஏறியது." கையெழுத்துப் போட்டு, மேலாளர் முறைக்க முறைக்க அனுப்பிவைத்தாள். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அதற்கும் எழுதினாள்.

மூன்று மாதம் கழித்துக் கட்டட ஆணை வந்தது. அவசர அவசரமாகப் பிரித்தாள். இரண்டு காப்பகங்கள். முதல் வரிசையில் மேட்டுத்தெரு, குன்றின் மேல் இருப்பது, தரை உயரம் மூன்றடி. இரண்டாவது வரிசையில் கடலோரம். தரை உயரம்: மேற்படி.

யாரோ ஒரு எழுத்தருக்குக் கை வலித்திருக்கிறது.

பொறியாளருக்குப் போன் செய்தாள். கையெழுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அவள் கத்தியது மாடிவரை கேட்டது. அவர் வைத்துவிட்டார். போனைக் கீழே வைப்பதற்குள் அக்கா கூப்பிட்டாள்.

"ஆர்டர் வந்துடுச்சாமே? எத்தனை அடி போட்டிருக்காங்க?"

அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அக்கா, நீ முதல்ல வீட்டுல ஒரு பரண் கட்டு."

"தகரக் கூரைக்குக் கீழ பரணா? என்னடி உளர்றே? எத்தனை அடின்னு சொல்லு."