மாப்பிள்ளை முதுகில் மறுபடியும்

தெருவில் அவளுக்குக் குதிரைக்காரம்மா என்று பேர். குதிரைப் போலீஸில் வேலை. காக்கி உடுப்பும் முழங்கால்வரை ஏறிய பூட்ஸுமாக அவள் காலையில் படியிறங்கினால், பால் வாங்க நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்குவார்கள். புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. பூனை வந்து உரசினால்கூடக் காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்துக்கொள்கிற ஆள். யாராவது கேலி செய்தால், "வீட்டுக்கு ஒரு தைரியசாலி போதும்ங்க" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிப்பார்.

அவள் ஏறுகிற குதிரைக்கு லாயத்தில் மாப்பிள்ளை என்று பட்டப்பெயர். கொள்ளு வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், முகத்தைத் திருப்பிக்கொள்வான். அப்புறம் கழுத்தைத் தடவித் தாஜா பண்ணினால்தான் வாய் வைப்பான். மற்றபடி தங்கமான குதிரை. இத்தனை வருஷத்தில் அவளை ஒருநாள்கூடக் கீழே தள்ளியதில்லை.

ஒருநாள் ரோந்து போகும்போது கடைவீதித் திருப்பத்தில் ஒருவர் இரும்பு ஷட்டரைத் தடாலென்று தூக்கினார். மாப்பிள்ளை பக்கவாட்டில் துள்ளினான். குதிரை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். என்ன நடந்தது என்று புரிவதற்குள் கன்னத்தில் தார்ச்சாலை சுட்டது. தோள்பட்டை எலும்பில் விரிசல், தொடையில் ஆழமான சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில் காயத்தைப் பார்ப்பதற்காகக் கால்சட்டையைக் கத்தரியால் வெட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, வெளியே நின்ற தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எலும்பு கூடியது. இனிக் குதிரை ஏறலாம் என்று டாக்டரும் சொன்னார். அவளும் தலையாட்டினாள். ஆனால் கண்ணை மூடினால் போதும், அந்தத் தார்ச்சாலை எதிரே எழுந்து வந்தது. லாயத்துக்குப் போனாள், அலுவலக அறையில் உட்கார்ந்து போன் எடுத்தாள், மாப்பிள்ளை இருக்கும் பக்கம் மட்டும் போகவில்லை. யாராவது கேட்டால் கைவசம் ஒரு பதில் இருந்தது. "புது பேண்ட் இன்னும் ரெடியாகல."

பேண்ட் எப்போதோ ரெடி. உள்தொடையில் தையல் உறுத்தாமல், முழங்காலில் இரட்டைத் துணி வைத்து, தையல்காரர் அதைப் பார்த்துப் பார்த்துத் தைத்திருந்தார். அவள் போட்டுப் பார்த்துவிட்டு இடுப்பு பிடிக்கிறது என்றாள். தளர்த்திக் கொடுத்தார். இப்போது தொளதொளவென்று இருக்கிறது என்றாள். பிடித்துக் கொடுத்தார். பிறகு முழங்கால், பிறகு கணுக்கால். ஊசியை வாயில் கவ்வியபடி அவர் ஒவ்வொரு தடவையும் "சரி, பார்த்துடலாம்" என்பார். அவ்வளவுதான். ஊர்க்காரர்களின் உடம்பையெல்லாம் கண்ணாலேயே அளந்துவிடுகிறவர், வீட்டுக்காரியின் உடம்பில் என்ன பிடிக்கிறது என்று தெரியாமலா இருப்பார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடியும் பேண்டை நீட்டினாள். "உட்கார்ந்தா பின்னாடி இழுக்குதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க நாற்காலியில உட்கார்ந்தா சரியாத்தான் இருக்கு. குதிரைமேல உட்கார்ந்தா எங்க இழுக்குதுன்னு நேர்ல பார்த்தாத்தான் பிடிபடும். வா, போவோம்."

"எங்க?"

"லாயத்துக்கு."

"நீங்களா?"

"தைச்சவன் நான்தானே."

கழுத்தில் டேப்போடு, பையில் சாக்கட்டியோடு கிளம்பியே விட்டார். அவளும் அந்தப் பேண்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். லாயத்து வாசலில் மட்டும் கால் கொஞ்சம் தயங்கியது. குதிரைகளைப் பராமரிக்கிற பெரியவர் மாப்பிள்ளைக்குச் சேணம் பூட்டிக் கொண்டுவந்ததும், தையல்காரர் தன்னையறியாமல் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "இவர்தானா மாப்பிள்ளை? வணக்கம்ங்க."

பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை அவள் தோளில் மூக்கை வைத்து மூச்சுவிட்டான். கூடிய எலும்பின்மேல் அந்தச் சூடு இறங்கியது. அவள் கண்ணில் நீர் முட்டியது. சேணத்தில் தொங்கிய அங்கவடியில் காலை வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"மெதுவா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, இன்னைக்குக் கடை லீவு" என்றார் அவர்.

ஏறிவிட்டாள். ஏறியதும் தரை எங்கேயோ பாதாளத்தில் கிடப்பதுபோல் இருந்தது. பிடரி மயிரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே அவர் குதிரையின் விலாவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, வியர்த்து வழிந்தபடி, அவள் இடுப்புத் தையலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க இழுக்குதும்மா? இங்கயா?"

அவளால் அதற்குமேல் முடியவில்லை. "பேண்ட்ல ஒண்ணும் இல்லங்க. எனக்குத்தான் பயமா இருக்கு."

"தெரியும்" என்றார் அவர். "கடைசி ரெண்டு தடவை நான் பிரிக்கவே இல்ல. இஸ்திரி போட்டு அப்படியே குடுத்தேன். நீயும் இப்ப பரவாயில்லன்னு சொன்ன."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. உடம்பு இளகியது, பிடரியை இறுக்கிய விரல்கள் தாமாகத் தளர்ந்தன. அதுவரை சிலைபோல நின்ற மாப்பிள்ளை, உத்தரவு கிடைத்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, மெல்ல நடக்க ஆரம்பித்தான். அவள் கடிவாளத்தைக் கையில் எடுத்தாள். மணல் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். தையல்காரரும் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரம் குறையாமல் கூடாமல், மணலில் செருப்பு புதையப் புதைய நடந்தார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில வாரங்கள் மைதானத்தைவிட்டு வெளியே போகவில்லை. ஓட விடவே ஒரு மாதம்போல ஆனது. கடைவீதித் திருப்பத்தை முதல் தடவை கடந்தபோது உள்ளங்கை ஈரமாகிக் கடிவாளம் வழுக்கியது, ஆனாலும் கடந்தாள்.

மழைக்குப் பிறகு ஒருநாள் மைதானத்தில் மறுபடியும் விழுந்தாள். அதைச் சாப்பாட்டு நேரத்தில், ரசத்தை ஊற்றிக்கொண்டே, போகிறபோக்கில் சொன்னாள். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எங்க அடி?"

"அடியெல்லாம் இல்லங்க. சேத்துல பொத்துனு விழுந்தேன். ரெண்டு பேர் பார்த்துட்டாங்க, அதுதான் கொஞ்சம் வெக்கமாப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எழுந்து ஏறிட்டேன்."

அவர் அப்பளத்தை உடைத்து, பெரிய பாதியை அவள் தட்டில் வைத்தார்.