பனி ஊதும் மெஷினும் மாதம்மாளின் கிழங்குக் காடும்

ஊரே சேர்ந்து ஒரு மெஷினுக்குத் தப்பான வேலையைச் சுமத்திவிட்டால், அதை ஓட்டுகிறவன் யாரிடம் போய் முறையிடுவான்? நான் பள்ளிப் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருஷம் ஆரோக்கியநாதன் என்னிடம் இதைக் கேட்டார்.  நடந்ததைச் சொல்கிறேன்.

ஆரோக்கியநாதன் தளிக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பண்ணையில் டிராக்டர் டிரைவர். பிறந்தது மத்திகிரி. பெங்களூர் ரோட்டு லாரிகளில் கிளீனராக ஏறி இறங்கி, கடைசியில் டிராக்டர் சீட்டில் வந்து உட்கார்ந்தவர். உழச் சொன்னால் உழுவார், எரு ஏற்றச் சொன்னால் ஏற்றுவார். ஆனால் அர்த்தமில்லாத வேலையை யாராவது சொன்னால் அவருக்குக் காது மடல் சிவந்துவிடும். அறுபத்தெட்டாம் வருஷத்து மார்கழி முழுக்க அந்தக் காது சிவந்தே இருந்தது என்று அவர் மனைவி அருள்மேரி சொல்வாள்.

அந்த டிராக்டர் குளிர்நாட்டுச் சபை ஒன்று அனுப்பிய அன்பளிப்பு. அதோடு கூட இன்னொரு சாமானும் வந்திருந்தது. முன்னால் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி, அதற்குள் திருகுபோல் முறுக்கிய தகடு, பின்னால் விசிறி, மேலே வாத்துக் கழுத்துபோல் வளைந்த குழாய். அவர்கள் ஊரில் ரோட்டை மூடிக் கிடக்கும் பனியை அள்ளி ஓரமாக வீசுவதற்கானது. தளியில் அதற்கு என்ன வேலை என்று அனுப்பியவர்கள் யோசிக்கவில்லை. மிஷன் சாமியார் வெளியூர் போயிருந்ததால், அது வந்த பெட்டியின் மேலிருந்த இங்கிலீஷை உபதேசியார் அருள்ஜோசப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கூடியவர்களிடம், பனியை ஊதித் தள்ளும் மெஷின் வந்திருக்கிறது என்று அறிவித்தார்.

மொழிபெயர்ப்பில் பிழை ஒன்றும் இல்லை. வம்பே அங்கேதான். தளிப் பக்கம் பனி என்றால், மார்கழி விடிகாலையில் இறங்கி உருளைக்கிழங்குச் செடியைக் கருக்குமே, அந்தப் பனிதான். வேறு பனியை அங்கே யாரும் பார்த்ததில்லை. பண்ணைக்குப் பக்கத்துக் காட்டுக்காரரும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவருமான கோவிந்தப்பனுக்கோ பனி என்றால் வேலை. பனி மெஷின் என்று காதில் விழுந்ததும், அது களை எடுக்குமா, எரு அள்ளுமா என்று விசாரித்துக்கொண்டு அவர் வந்துவிட்டார்.

இவர்களை ஆரோக்கியநாதன் பொறுத்துக்கொண்டார். மாதம்மாளைத்தான் பொறுக்க முடியவில்லை. பண்ணையை ஒட்டி அவளுக்கு ஒரு துண்டு காடு இருந்தது. புருஷன் போன பிறகு, ராகியை விட்டுவிட்டு முதல் தடவையாகக் கிழங்கு போட்டிருந்தாள். அது கருகினால் அந்த வருஷம் அவளுக்குப் பிழைப்பில்லை. மற்றவர்கள் விடியுமுன் ஈர வைக்கோலைக் கொளுத்தி, பனி கருக்காதபடி காட்டின் மேல் புகைமூட்டம் போட்டார்கள். மெஷின் வந்த செய்தி கேட்டதிலிருந்து மாதம்மாள் மூட்டம் போடுவதையே நிறுத்திவிட்டாள்.

“ஏங்க்கா, எல்லாரும் மூட்டம் போடறாங்க. நீ ஏன் போடல?” என்று ஆரோக்கியநாதன் கேட்டார்.

“மெஷின் இருக்கறப்ப நான் எதுக்குத் தம்பி புகையில கண்ணக் கெடுத்துக்கணும்?”

“அது நம்ம பனிக்கு இல்லக்கா. அந்த ஊர்ப் பனி உப்புக் குவிச்ச மாதிரி தரையில கெடக்குமாம். அத அள்ளி வீசறதுக்கு.”

“குவிஞ்சு கெடக்கற பனியவே தள்ளும்னா, மெலுசா எறங்கறது அதுக்கு எம்மாத்திரம்?”

 போதாக்குறைக்கு உபதேசியாரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு, அன்பளிப்பைத் துருப்பிடிக்க விடுவது பாவம் என்றார். சரி, ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிடுவோம், அதால் ஆகாது என்று கண்ணால் பார்த்தால் மறுபடி மூட்டம் போடுவாள் என்று ஆரோக்கியநாதன் முடிவு செய்தார்.

ஓட்டுவதற்கு முதலில் அது சுற்றவேண்டுமே. அதற்கென்று தனி எஞ்சின் கிடையாது. ஆயில் அழுத்தம் வந்துதான் விசிறியைச் சுழற்றவேண்டும். டிராக்டரில் கலப்பையைத் தூக்க ஆயில் போகிற இடத்தில் மெஷினின் இரண்டு ஹோஸ் குழாய்களையும் மாட்டினார். விசிறி ஆடி அசைந்து சுற்றியது. தன் எருமை இதைவிட வேகமாக வாலை ஆட்டும் என்று கோவிந்தப்பன் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஆயில் சூடேறித் தீய்ந்த வாடை வந்தது. டிராக்டரின் கலப்பை தூக்கும் இரும்புக் கைகளும் எழ மாட்டோம் என்று தொங்கிவிட்டன. அவற்றைச் சரிசெய்யும்வரை பண்ணையில் உழவு நின்றது. அதற்கும் திட்டு அவருக்குத்தான்.

கலப்பையைத் தூக்க ஒரு மிடறு ஆயில் போதும். விசிறிக்கோ வாய்க்கால்போல் விடாமல் வந்து, விடாமல் திரும்பிப் போகவேண்டும். அப்படியானால் தனிப் பம்பும் ஆயில் தொட்டியும் கூடவே வந்திருக்கவேண்டும் என்று தேட ஆரம்பித்தார். கன்னியர் மடத்து மாட்டுக் கொட்டகையில் இரண்டும் கிடைத்தன. தொட்டியில் பருத்திக்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. பம்பைக் கதவுக்கு முட்டாக வைத்திருந்தார்கள். மாடு பட்டினி கிடக்குமே என்று அலுத்துக்கொண்டேதான் கொடுத்தார்கள்.

டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில் பம்பை மாட்டி, தொட்டியைக் கழுவிக் காயவைத்து ஆயில் ஊற்றினார். ஹோஸ்களை மாற்றி மாட்டியதில் விசிறி முதலில் எதிர்ப்பக்கம் சுற்றியது. கழற்றித் திருப்பி மாட்டினார். இந்தத் தடவை உறுமியது. அந்த உறுமலைக் கேட்டு மாதம்மாள் கைகூப்பினாள். ஆரோக்கியநாதனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

மறுநாள் விடிகாலை அவள் காட்டு வரப்பில் டிராக்டரை நிறுத்தி மெஷினை ஓட்டினார். பனி அசையவில்லை. வாத்துக் கழுத்திலிருந்து வெறும் காற்று வந்தது.

“பாத்தாச்சா?” என்றார்.

“இன்னும் கொஞ்சம் உள்ள விடு தம்பி. எட்ட நின்னு ஊதினா எப்படி?”

செடி போய்விடும் என்று அவர் எச்சரித்தார். ஓரமாக விட்டால் போகாது என்று உபதேசியார் பஸ் கண்டக்டர்போல் கையை ஆட்டி வா, வா என்றார். ஓரமாக விட்டார். ஈர வரப்பில் சக்கரம் வழுக்கியது. மெஷினின் இரும்புத் தொட்டி முதல் சாலில் வாய் வைத்தது. செடியும் மண்ணும் கிழங்குமாக வாத்துக் கழுத்து வழியே கிளம்பி, வேலியைத் தாண்டிக் கோவிந்தப்பன் காட்டில் விழுந்தன. ஒரு கிழங்கு, அங்கே வேடிக்கை பார்த்து நின்ற கோவிந்தப்பன் தோளையே பதம் பார்த்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு ஆரோக்கியநாதன் சீட்டின் மேல் எழுந்து நின்றார். “இதுக்குத்தான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். பனிய இது அள்ளாது, மண்ணத்தான் அள்ளும்னு. யாராச்சும் கேட்டீங்களா? போதுமா இப்ப?”

மாதம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து ஒரு கிழங்கை எடுத்தாள். பனிக்காலத்தில் செடியைத் தொட்டால் கருகல் பரவும் என்று யாரோ பயமுறுத்தியிருந்ததால், அவள் அதுவரை ஒரு செடியைக்கூடப் பறித்துப் பார்த்ததில்லை. கட்டைவிரலால் தோலை அழுத்தித் தேய்த்தாள். அடுத்த கிழங்கையும் தேய்த்தாள்.

“தம்பி, தோல் உரியல. முத்திப் போச்சு.”

முத்தின கிழங்குக்கு மேலே இலை இருந்தால் என்ன, கருகினால் என்ன? அன்றைக்கே ஆள் கூப்பிட்டுத் தோண்ட ஆரம்பித்தாள். கிழங்கு முழுவதும் ராயக்கோட்டைச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வருஷத்தின் கடும்பனி இறங்கியது. அவள் காட்டில் கருகுவதற்கு ஒரு இலை இல்லை.

இத்தோடு ஆரோக்கியநாதனுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். ஆனால் தோளைத் தடவிக்கொண்டு கோவிந்தப்பன் அவரைத் தேடி வந்தார். “ஏன் டிரைவரே, கெழங்கு தோண்டற மெஷின்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? நாளைக்கு நம்ம காட்டுக்கு வந்துடு.”

பாதிக் கிழங்கு நசுங்கிப் போகும் என்று ஆரோக்கியநாதன் சொல்லிப் பார்த்தார். மீதிப் பாதி நன்றாக வருமில்லையா என்று ஊரார் கேட்டார்கள். உபதேசியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஓர் அறிவிப்புச் செய்தார். இப்போது தூரத்துப் பேரிகை ஊரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது.

ஆகவே இதைப் படிக்கிறவர்கள், கிழங்கு போடுகிற யாரைப் பார்த்தாலும் இந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். அந்த மெஷின் பனியையும் தள்ளாது, கிழங்கையும் தோண்டாது. ஆரோக்கியநாதன் சொன்னால் யாரும் கேட்பதாக இல்லை.