மச்சான் நெற்றியில் இருந்த குழிகள்

பழைய கோப்பி ஸ்டோர் வாசலில் அன்று காலை நின்றவர்கள் இவர்கள். பெரிய கங்காணி, தலைப்பாகை முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. யாழ்ப்பாணத்துக்காரரான மருந்துக்கார ஐயா, கையில் தகரப் பெட்டியோடு. பலகையில் தூக்கி வந்து கிடத்தியிருந்த ஐந்து நோயாளிகள். அவர்களில் நான்காவது என் மனைவி. நான். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான். வெள்ளைக்காரத் துரை குதிரையை விட்டு இறங்காமல் மேல் ரோட்டுத் திருப்பத்திலேயே நின்றுவிட்டார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நமுனுகுல மலைச் சரிவில் இருந்தது எங்கள் தோட்டம். கோப்பி செத்து, தேயிலை வந்து, அந்த ஸ்டோர் வெறுமையாகக் கிடந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்குத் தூரம். கீழே பணிய லயத்தில் பெரியம்மை கண்டதும் நோயாளிகளை அங்கே வைப்பதென்று முடிவானது. உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும். முன்பே அம்மை போட்டுப் பிழைத்தவர்கள்தான் போகலாம், அவர்களை அது மறுபடி தொடாது என்றார் மருந்துக்கார ஐயா. என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், போதும் என்றார். ஏழு வயதில், திருச்சிப் பக்கம் எங்கள் ஊரில், எனக்கு வந்தது. என் இரண்டு தம்பிகளும் அதில் போனார்கள். நான் இந்த முகத்தோடு மிஞ்சினேன். "மாப்புள, ஒன் மூஞ்சில நெல்லக் கொட்டுனா ஒரு படி நிக்கும்" என்பது மச்சானின் வழக்கமான கேலி. பெண் கேட்டுப் போன அன்றுகூட அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, தங்கச்சியை இவனுக்கே கொடுங்கள் என்றதும் அவர்தான்.

மச்சான் தங்கையைப் பார்க்கத் தானும் வருவேன் என்று நின்றார். மருந்துக்கார ஐயா அவர் பக்கம் திரும்பி, "உனக்கு முந்தி அம்மை வந்ததோ?" என்று கேட்டார். மச்சானுக்கு நினைவில்லை. என்னைப் பார்த்தார். நாங்கள் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவரை வேப்பிலையில் கிடத்தியிருந்ததும், வாசலில் வேப்பங்கொத்து செருகியிருந்ததும், மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் எனக்கு நினைவிருந்தது. "போட்டிருக்குங்க ஐயா. நான் பாத்திருக்கேன்" என்றேன். மச்சான் தலைமயிரை ஒதுக்கி நெற்றியில் இருந்த குழிகளைக் காட்டினார். மருந்துக்கார ஐயா பெட்டியை மூடினார். பதுளையிலிருந்து வந்த, பெரியம்மை வராமல் தடுக்கும் அம்மைப்பால் கண்ணாடிக் குழாய்களில் கடைசி சில அதற்குள் இருந்தன. அவற்றைக் கொண்டுபோய் பணிய லயத்துப் பிள்ளைகளின் கையில் கீறிவிட்டார். நான் வேறு பதில் சொல்லியிருந்தால் ஒன்று மச்சான் கையில் கீறப்பட்டிருக்கும்.

உள்ளே வேலை ஓயவில்லை. நோயாளிகளை வாழையிலையில் கிடத்தினோம். இலை ஒட்டிக்கொள்ளும், ஒருவர் தூக்க ஒருவர் இலை மாற்ற வேண்டும். கஞ்சிச் சட்டியை வெளியே ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள், ஆள் மறைந்த பிறகு நாங்கள் எடுப்போம். என் மனைவிக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டது. மச்சான் அவள் பக்கத்தில் குந்தி, வெளியே நடப்பதையெல்லாம் ஒப்பிப்பார். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் துவைக்கிறார் புள்ள, பாவம், உள்ளே மண்டையில் ஒன்றுமே இல்லை என்பார். அவள் சிரிக்க முடியாமல் சிரித்து, உதடு வெடிக்கும். சிரிக்க வைக்காதீர்கள் என்று நான் கோபித்துக்கொண்டேன். அவர் பேச்சும் அவள் சிரிப்பும் நின்றபோதெல்லாம் நான் திரும்பிப் பார்த்ததும் உண்டு.

மூன்றாம் நாள் அவள் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொப்புளம் எல்லாம் ஒரே அளவு, துப்பாக்கி ரவை மாதிரி கெட்டி. உள்ளங்கை, உள்ளங்கால், எங்கும். என் தம்பிகளுக்கும் இப்படித்தான் இருந்தது. அப்போதுதான் மச்சானுக்கு வந்தது இப்படி இல்லை என்று பட்டது. அவருக்கு வயிற்றில் தண்ணீர்த் துளி மாதிரி சில. ஐந்தாம் நாள் எழுந்து தட்டான் பிடிக்க ஓடினார். அவர் சொறிந்ததில் நெற்றியில் குழி விழுந்தது, அவ்வளவுதான். அது சின்னம்மை. எங்கள் ஊரில் அதற்கும் இதற்கும் ஒரே வேப்பிலை, ஒரே மஞ்சள் தண்ணீர், ஒரே வார்த்தை. எது வந்தாலும் அம்மை போட்டிருக்கு என்போம்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் மச்சான் வெளியே போக வேண்டியிருக்கும். ஐந்து பேரை ஒருவனாகத் தூக்க என்னால் முடியாது. அந்த ஐந்தில் அவள் இருந்தாள். இரண்டு நாள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். மச்சான் முகத்தைப் பார்க்காமல் இலை மாற்றினேன். அவர், "என்ன மாப்புள, எங்கூட கோவமா?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் மருந்துக்கார ஐயா கல்லின் அந்தப் பக்கம் வந்து நின்றபோது சொல்லிவிட்டேன். இத்தனை நாள் உள்ளே இருந்தவனை இனி லயத்துக்கு விட முடியாது, மச்சான் அங்கேயே இருக்கட்டும் என்றார். அன்றே பதுளைக்கு ஆள் விட்டார். மழையில் பாதை இடிந்து, குழாய் வந்து சேர எட்டாம் நாள் ஆனது. உள்ளே வந்து மச்சான் கையில் நாலு இடத்தில் கீறினார். கீறும்போதே, நாள் கடந்துவிட்டது, நம்ப முடியாது என்றார். மச்சான், ஒரு அம்மை வந்தவனுக்கு இன்னொன்று ஏன் வர வேண்டும் என்று கேட்டார். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"ரத்தத்தில வெள்ளை அணுக்கள் எண்டு காவல் நிக்குது. ஒருக்கா அடிச்சுக் கலைச்ச நோயை அதுகள் மறக்காது. ஆனா அதுகளுக்குப் பேர் தெரியாது, முகம்தான் தெரியும். இந்த அம்மைப்பால் மாட்டிலயிருந்து எடுக்கிறது. அதுக்கும் பெரியம்மைக்கும் அக்கா தங்கச்சி முகம். அதைக் காட்டினா இதையும் பிடிச்சுப்போடும். சின்னம்மை வேற முகம். ரெண்டையும் அம்மை எண்டு நாங்கள்தான் சொல்லுறம்." பிறகு, எந்த அம்மை என்று தான் கேட்டிருக்க வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் போன பிறகு மச்சான் கீறின இடத்தை ஊதிக்கொண்டிருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி பேர் வாசிக்காமல் முகம் பார்த்தே ஆள் பிரிப்பது மாதிரிதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப என் ஆளுங்க இத இன்னும் பாக்கல." சிரித்தார். அப்புறம் குரலைத் தணித்து, "விடு மாப்புள. எனக்கும்தான் வித்தியாசம் தெரியல. தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிப்புடாத" என்றார். அவள் இரண்டு முழத் தூரத்தில் கண் மூடிக் கிடந்தாள்.

அவருக்குக் காய்ச்சல் பன்னிரண்டாம் நாள் வந்தது. அவள் கண் திறந்து எழுந்து உட்கார்ந்த நாளில் அவர் படுத்தார். அவருக்கு இலை மாற்ற அவள்தான் ஒரு பக்கம் பிடித்தாள். ஒன்பது நாள் கிடந்து போனார். ஸ்டோருக்குப் பின்னால் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். பதில் சொன்னது நான் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஓரிடத்தில் உட்கார என்னால் முடிந்ததில்லை. யார் முகத்தைப் பார்த்தாலும் கண் தானாகக் குழியை எண்ணும். பெரட்டில் எண்ணுவேன். ரயில் வராத காலத்தில் பதுளைக்கு நடக்கும் வழியெல்லாம் எதிரே வருபவர்களை எண்ணுவேன். பதுளைக் கடைவீதியில் ஒரு முதலாளி, அரிசி அளந்துகொண்டே, "என்ன தம்பி, வெலய என் மொகத்துலயா எழுதியிருக்கு?" என்று கேட்டார். அரிசியை வாங்காமல் வந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் இது குறையவில்லை.

போன மாதம் அம்மை குத்துகிறவர் எங்கள் லயத்துக்கு வந்தார். புது ஆள், இளவயது. புத்தகம் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகக் கேட்டு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில், ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், மூன்று வயதுப் பிள்ளையோடு. அம்மை போட்டிருக்கா என்று கேட்டார். போட்டிருக்குங்க என்றாள். அவர் எழுதப் போனார். நான் எங்கள் வாசலில் நின்றேன். கண் அந்தப் பிள்ளையின் நெற்றியில் குழியைத் தேடிக்கொண்டிருந்தது.

என் காலடியில் என் மனைவி சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"எந்த அம்மைன்னு கேளுங்க ஐயா."

அவர் எழுதுவதை நிறுத்திக் கேட்டார். தண்ணி தண்ணியாக நாலைந்து வந்தது, அஞ்சாம் நாள் ஆறிப்போச்சு என்றாள் அந்தப் பெண். பிள்ளையைப் பிடித்து, கையில் நாலு இடத்தில் கீறினார். பிள்ளை அழுதது. என் மனைவி என் பக்கம் பார்க்கவில்லை. ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டுவிட்டு மறுபடி பொறுக்கினாள்.

நான் இறங்கிக் கோப்பி ஸ்டோருக்குப் போனேன். கூரை இல்லை. வாசல்படியும் கஞ்சிக் கல்லும் இருக்கின்றன. அன்று நான் நின்ற இடத்தில் நின்றேன். கங்காணி நின்ற இடம், ஐயா நின்ற இடம், பலகைகள் கிடந்த இடம், எல்லாம் பார்த்தேன். மச்சான் என் இடப்பக்கம் நின்று தலைமயிரை ஒதுக்கினார். நெற்றியில் குழிகள். எண்ணினேன்.

இரண்டு.